தொலைகாட்டிக்கு முன் ஒரு பிணைச்சல்

வானியலில் ஆர்வம் வந்த மாணவி வீட்டில் முதலில் கேட்பது தொலைகாட்டியைத்தான். விஞ்ஞான மன்றத்துக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தாலும் முதல் பிரேரணை அதுவாகவே இருக்கும். இந்த ஒழுங்கு பிழை என்பது என் கருத்து. இருட்டுக்குள் மங்கிக் கிடக்கும் நெபுலாக்களையும் கலக்ஸிகளையும் படம்பிடிக்க விரும்புகிறவளுக்கு முதலில் வேண்டியது பெரிதாக்கும் கண்ணாடி அல்ல, வானம் திரும்பும் வேகத்தில் தானும் திரும்பும் ஒரு தாங்கி. ட்ரெக்கர் என்று கடைகளில் சொல்வார்கள். வீட்டில் யாரிடமாவது இருக்கும் கமெராவை அதன்மேல் ஏற்றிவிட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம். தொலைகாட்டி பிறகு வரட்டும். வராமலே போனாலும் சில வருடங்களுக்குக் குறை தெரியாது.

இதை வகுப்பில் சொன்னபோது எழுந்த முதல் ஆட்சேபம், "அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்காமல் எப்படிப் பார்ப்பது?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பொருட்கள் நாம் நினைப்பதுபோல் சிறியவை அல்ல. அந்திரொமீடா கலக்ஸி 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இருந்தும் வானில் அது பிடித்திருக்கும் அகலம் ஏறத்தாழ 3 பாகை. முழுநிலாக்கள் ஆறை வரிசையாக அடுக்கினால் வரும் அகலம் அது. ஒறாயன் நெபுலா இரண்டு நிலா அகலம், கார்த்திகைக் கூட்டம் நான்கு நிலா அகலம். தெற்கே தாழ்வாகத் தெரியும் பெரிய மகெல்லன் முகில் கிட்டத்தட்ட இருபது நிலா. 200 மில்லிமீற்றர் வில்லை பூட்டிய சாதாரண கமெராவின் சட்டத்துக்குள் ஆறரைப் பாகை அடங்கும் என்பதால், அந்திரொமீடா அதற்குள் தாராளமாக உட்கார்ந்துவிடும். பெரிய தொலைகாட்டி ஒன்றில் அதன் நடுப்பகுதி மட்டுமே அகப்படும்.

இவ்வளவு பெரியவை நம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றின் மங்கல். மங்கலுக்கு மருந்து நேரம். நம் கண் தனக்குள் வரும் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலும் பத்தாவது நிமிடத்தில் தெரிவது முதல் நிமிடத்தில் தெரிந்ததைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. கமெரா அப்படியல்ல. கதவைத் திறந்து வைத்திருக்கும் வரை விழும் ஒளியெல்லாம் அதற்குக் கணக்கு. அப்படியானால் ஒரு மணித்தியாலம் திறந்து வைத்துவிடலாமே என்றால், பூமி விடாது.

23 மணி 56 நிமிடத்தில் பூமி ஒரு முறை சுழல்கிறது. அதனால் வானம் செக்கனுக்கு 15 விகலை நகர்வதுபோல் தோன்றுகிறது. இரண்டு நிமிடத்தில் நிலாவின் அகலம். மேலே சொன்ன 200 மில்லிமீற்றர் வில்லையையே எடுத்துக்கொள்வோம். சென்சரில் ஒரு பிக்சல் 4 மைக்ரோமீற்றர் என்றால், அது வானில் பிடிக்கும் கோணம் 4 விகலைக்குச் சற்று அதிகம். ஒரேயொரு செக்கன் கதவைத் திறந்தாலும் நட்சத்திரம் ஏறக்குறைய நான்கு பிக்சல் தூரம் இழுபட்டுப் புள்ளி கோடாகிவிடும். 50 மில்லிமீற்றர் வில்லையில் ஆறு, ஏழு செக்கன் வரை தாக்குப்பிடிக்கலாம். எவ்வளவு விலையுயர்ந்த கமெராவாக இருந்தாலும் சாதாரண முக்காலியில் வைத்தால் இதே கதிதான். ஆகவே கையில் உள்ள பணத்தைக் கமெராவில் போடுவதா தாங்கியில் போடுவதா என்று கேட்டால், யோசிக்காமல் தாங்கி என்பேன்.

இது புதிய ஞானமும் அல்ல. ஒறாயன் நெபுலாவை முதன்முதலில் படம்பிடித்தவர் அமெரிக்க மருத்துவரான ஹென்றி டிரேப்பர். திகதி 1880 செப்டெம்பர் 30, ஒளிபடு நேரம் 51 நிமிடம். அவரிடம் 11 அங்குலத் தொலைகாட்டி இருந்தது உண்மை. ஆனால் அந்த 51 நிமிடமும் அதை வானத்தோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டிருந்தது மணிக்கூடு போன்ற ஒரு பொறி. அந்தப் பொறி இல்லாமல் அந்தப் படம் இல்லை.

தாங்கி வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. அது சுழலும் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். அதாவது வான்துருவத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் வழிகாட்டிகள் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடும்: துருவ நட்சத்திரத்தைத் தாங்கியின் சிறு குழாய்க்குள் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. அவர்களுக்கு அது நாற்பது, ஐம்பது பாகை உயரத்தில் நிற்கிறது. நமக்கு? துருவ நட்சத்திரத்தின் உயரம் அகலக்கோட்டுக்கு ஏறத்தாழச் சமன். எங்கள் கிழக்குக் கரையில் ஏழரைப் பாகை. கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அதன் அகலம் 10 பாகை வரும். அந்த முட்டிக்கும் கீழே நிற்கிறது நம் துருவ நட்சத்திரம். முன்னால் ஒரு தென்னை இருந்தால் போதும், ஆள் இல்லை. தென்னை இல்லாவிட்டால் அடிவானத்துப் புகார்.

இதைக் காட்டித்தான் "நம்ம நாட்டுக்கு இது சரிவராது" என்று சிலர் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. அச்சு துருவத்திலிருந்து ஒரு பாகை விலகியிருந்தால், ஒரு நிமிடத்தில் நட்சத்திரம் அதிகபட்சம் 16 விகலை விலகும். தாங்கியே இல்லாவிட்டால் அதே நிமிடத்தில் விலகுவது 900 விகலை. ஒரு பாகை பிழையோடு வைத்த தாங்கிகூட ஐம்பது மடங்குக்கு மேல் நன்மை செய்கிறது. திசைகாட்டியும், சாய்வு காட்டும் கைத்தொலைபேசியும் நம்மை ஓரிரு பாகைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இலங்கையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் அந்த அளவுதான்.

அதற்குமேல் செம்மை வேண்டுமானால் நட்சத்திரத்தையே கேட்கலாம். தலைக்கு மேலே வடக்குத் தெற்குக் கோட்டின் அருகே, வான நடுக்கோட்டையொட்டி நிற்கும் ஒரு நட்சத்திரத்தைத் தெரிந்தெடுத்துக் கமெராத் திரையில் பெரிதாக்கிச் சில நிமிடம் கவனியுங்கள். அது வடக்கே நழுவினால் அச்சு மேற்கே திரும்பியிருக்கிறது. தெற்கே நழுவினால் கிழக்கே. பிறகு கிழக்கில் தாழ்வாக நிற்கும் ஒன்றைப் பாருங்கள். வடக்கே நழுவினால் அச்சின் உயரம் கூடிவிட்டது, தெற்கே நழுவினால் குறைந்துவிட்டது. துருவ நட்சத்திரத்தைக் காணாமலே இப்படித் துருவத்தைப் பிடிக்கலாம். ட்ரெக்கரைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: சில தாங்கிகளின் அடிப்பகுதியை ஏழு பாகை வரை தாழ்த்த முடியாது. நம்மைப் போல் பூமத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து அவை செய்யப்படவில்லை.

விலையை நான் எழுதவில்லை. இதழ் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். எப்படியும் ஒரு மாணவியின் கைக்கு எட்டாத தொகை. எங்கள் வீட்டுக் கமெரா நானாவுடையது. வெள்ளி, ஞாயிறுகளில் கலியாண வீடுகளுக்குப் போய் உழைக்கிற கமெரா. வார நாட்களில்தான் எனக்கு இரவல். அதற்கு மேல் ட்ரெக்கரும் வாங்கித் தாருங்கள் என்று வாப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் பயன்படுத்துவது இரண்டு பலகையும் ஒரு பிணைச்சலும்.

இதன் மூலவடிவத்தை ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஹேய்க் என்பவர் 1975இல் வெளியிட்டார். கீழ்ப்பலகை முக்காலியில் இருக்கும். மேற்பலகை பிணைச்சலால் அதனுடன் இணைந்திருக்கும், அதன்மேல் கமெரா. பிணைச்சலின் ஊசிதான் சுழலச்சு, அது துருவத்தைப் பார்க்க வேண்டும். வடக்கை நோக்கி நிற்கும்போது பிணைச்சல் இடக்கைப் பக்கம் வரவேண்டும். வலப்பக்கத்தில் கீழ்ப்பலகையூடாக ஒரு போல்ட் மேலேறி மேற்பலகையைத் தள்ளும். போல்ட் நிமிடத்துக்கு ஒரு சுற்று. பிணைச்சலிலிருந்து போல்ட் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முழுச் சூட்சுமமும். ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சி பிடித்தவர்களுக்குப் புரியிடைத்தூரம் தெரியும். 6 மில்லிமீற்றர் போல்ட்டின் வழமையான புரியிடைத்தூரம் 1 மில்லிமீற்றர். பூமி ஒரு சுற்றுக்கு எடுக்கும் 1436 நிமிடத்தை 2π ஆல் வகுத்தால் 228.6 வரும். ஆகவே போல்ட் பிணைச்சலின் ஊசியிலிருந்து 229 மில்லிமீற்றர் தள்ளி இருந்தால், நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது பூமியின் வேகமாகிவிடும். உயர்தரத்தில் வட்ட இயக்கம் படித்துவிட்டு இதைச் செய்து பார்க்காமல் போவது எனக்குப் பெரிய நட்டமாகப் படுகிறது.

நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் சிறிய கியர் மோட்டார் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் போல்ட்டின் தலையில் ஒரு வட்டத் தட்டை ஒட்டி, மணிக்கூட்டின் செக்கன் முள்ளோடு சேர்த்துக் கையாலேயே திருப்பலாம். விட்டு விட்டுத் திருப்பக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நேரான போல்ட் என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் வேகம் பிசகத் தொடங்கும். பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 50 மில்லிமீற்றர் வில்லைக்கு இந்தப் பலகை போதும். 200 மில்லிமீற்றருக்கு மோட்டாரும் நல்ல பொறித்தாங்கியும் தேவை என்பதை ஒளிக்கவில்லை.

கமெராவில் செய்ய வேண்டியவை குறைவு. தானியங்கிக் குவிப்பு இருட்டில் தடுமாறும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைக் கையால் திருப்புங்கள். கோப்பு றோ வடிவில் இருக்கட்டும். விரலால் பொத்தானை அழுத்தினால் ஆடும். கமெராவிலேயே இருக்கும் இடைவெளிக் கணிப்பானிடம் அந்த வேலையை விடுங்கள். பிறகு நிறையப் படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டும் இலவச மென்பொருட்கள். நூறு படங்களை அடுக்கினால் இரைச்சலுக்கு எதிரே உண்மையான ஒளி பத்து மடங்கு தெளிவாகும். எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பதுதான் விதி. வில்லையை மூடிவிட்டு அதே நேர அளவில் இருபது படம் எடுத்துக் கழித்தால் சென்சரின் சொந்தக் கறைகளும் போய்விடும். மற்றது பனி. நம் கரையில் இரவு பதினொரு மணிக்குள் வில்லை நனைந்துவிடும். சூடாக்கும் சிறு பட்டியைச் சுற்றுங்கள். எடுத்து முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். பங்கசு பிடித்த வில்லையைத் திருத்துவதைவிட நானாவைச் சமாதானப்படுத்துவது கடினம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

டிரேப்பர் 1882இல் இறந்தார். அவருடைய மனைவி அன்னா டிரேப்பர் அவர் நினைவாக ஹாவர்ட் வானாய்வகத்துக்குப் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில் சம்பளம் பெற்று வேலை செய்தவர்களில் ஒருவர் வில்லியமினா பிளெமிங். கணவன் கைவிட்டபின் அந்த ஆய்வகத்துப் பணிப்பாளரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். 1888இல் ஒரு கண்ணாடித் தட்டில் குதிரைத்தலை நெபுலாவை முதலில் கண்டவர் இவர்தான். அதே ஆய்வகத்தின் ஹென்றியேற்றா லீவிற் சிறிய மகெல்லன் முகிலின் மாறும் நட்சத்திரங்களை எண்ணி அளந்து 1912இல் வெளியிட்ட விதிதான், கலக்ஸிகளின் தூரத்தை அளக்க வழி திறந்தது. இவர்கள் எல்லோரும் பகலில் மேசையில் இருந்து வேலை செய்தவர்கள். லீவிற் அளந்த தட்டுகள் பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் வேறு ஆட்கள் எடுத்தவை. பலோமார் வானாய்வகத்தில் அவதானிக்க உத்தியோகபூர்வமாக அனுமதி பெற்ற முதற்பெண் வேரா ரூபின். அந்த ஆண்டு 1965. அறிவு பெண்களுக்குத் தாராளமாக இருந்தது, இரவுதான் கொடுக்கப்படவில்லை.

நம் நிலைமையை வைத்து யோசித்துப் பாருங்கள். வானியல் முகாம் என்றால் மலைக்கோ வெளிமாவட்டத்துக்கோ இரவுப் பயணம். பெடியன்கள் போவார்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அனுமதி கிடைக்கும்? அதற்காக வீட்டாரோடு சண்டை பிடிக்க நான் சொல்லவில்லை. அவர்களுடைய பயங்களில் சில நியாயமானவை. நான் சொல்வது, இந்தக் கலைக்கு மலை கட்டாயம் அல்ல என்பது. மொட்டைமாடி போதும். தெருவிளக்குள்ள ஊரில் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். மோட்டார் தாங்கி என்றால் ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கீழே வந்து படிக்கலாம், கமெரா தன் பாட்டில் எடுத்துக்கொண்டிருக்கும். "பனிக்குள்ள நிண்டு தடிமன் பிடிக்கப்போகுது, கீழ வா மகள்" என்று உம்மா கூப்பிட்டால் "கமெராதான் நிக்கிது உம்மா, நான் இல்ல" என்று சொல்லக்கூடிய வேலை இது. பிளெமிங்குக்கு வாய்க்காத ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது: நாமே தட்டை எடுத்து, நாமே வாசிக்கலாம்.

அதனால்தான் பாடசாலைகள் தொலைகாட்டியோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் அறிந்த ஒரு பாடசாலையில் நல்ல தொலைகாட்டி ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது. பாடசாலை இரண்டு மணிக்குள் மூடிவிடுகிறது. வானம் ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. சனியின் வளையத்தைக் கண்ணால் காணும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலுமாரியில் இருக்கும் தொலைகாட்டியில் வளையமும் தெரியாது. ஒரு தொலைகாட்டியின் விலைக்கு எத்தனை சோடிப் பலகை செய்யலாம்! கொண்டு போகவும் இலகு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் பயமில்லை.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: இந்தப் படங்களின் நிறம் பொய் என்று. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் கோல்கள்தான் வேலை செய்கின்றன. அவை நிறம் அறியாதவை. ஐதரசன் வெளிவிடும் 656 நனோமீற்றர் சிவப்பு அங்கே இருக்கிறது, கண் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். சொல்லப்போனால் சாதாரண கமெராவும் உள்ளே இருக்கும் வடிகட்டியால் அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆகவே நம் படங்கள் நிறத்தைக் கூட்டிச் சொல்வதைவிடக் குறைத்தே சொல்கின்றன. இருந்த ஒளியை இழுத்துக் காட்டுவது பொய்யல்ல. இல்லாததைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரப்புவது பொய். கைத்தொலைபேசிகள் சில அதையும் சத்தமில்லாமல் செய்கின்றன. படத்தின் கீழே எத்தனை படம், எத்தனை செக்கன், எந்த வில்லை என்று எழுதும் வழக்கம் இருந்தால் இந்தச் சந்தேகம் வராது. இதோ என்னுடையது: 50 மில்லிமீற்றர், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600, 30 செக்கன் வீதம் 40 படம். மொத்தம் 20 நிமிட ஒளி. முழு ஒறாயனும் சட்டத்துக்குள் இருக்கிறது. நெபுலா 200 பிக்சல் அகலத்தில் இளஞ்சிவப்பாக, விரிந்த பூவைப் போல. மேலே பீற்றல்ஜூஸ் செம்மஞ்சள், கீழே ரைஜல் நீலம். ரைஜல் என்ற பெயருக்குள் இருக்கும் "ரிஜ்ல்" மத்ரஸாவுக்குப் போன எவருக்கும் தெரிந்த சொல்தான்: கால். ஒறாயனின் கால்.

இந்த வானில் நமக்குப் பரிச்சயமான பெயர்கள் நிறைய உண்டு. கார்த்திகைக் கூட்டத்துக்கு அரபியில் ஸுரையா. அந்தப் பெயரில் எந்த வருடத்திலும் நம் கல்லூரியில் ஓரிருவர் இருப்பார்கள். அதன் பின்னால் எழும் நட்சத்திரம் அல்தபரான், பின்தொடர்வது என்று அர்த்தம். அந்திரொமீடாவை ஒரு சிறு முகில் என்று முதன்முதலில் எழுதி வைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி, 964ஆம் ஆண்டில். அந்த முகிலுக்குள் சுருள் கைகள் இருப்பதை 1888இல் இங்கிலாந்தின் ஐசக் றொபேட்ஸ் சில மணித்தியாலம் திறந்து வைத்த தட்டுத்தான் காட்டியது. இரண்டு பேருக்கும் நடுவில் 924 வருடங்கள்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நாட்காட்டி: பிறை பார்த்து நாளெண்ணும் வீடுகளில் இருட்டு இரவுகளைத் தேட வேண்டியதில்லை. பிறை இருபத்திரண்டைத் தாண்டினால் முன்னிரவு முழுக்க நிலா இல்லை. கிழக்கில் மார்கழி மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச்சில் இஷாவுக்குப் பிறகு ஒறாயன் உயரத்தில் நிற்கும். அதே நேரத்தில் தெற்கே, ஒரு முட்டிக்குச் சற்று மேலே, ஐரோப்பியர்கள் தங்கள் ஊரிலிருந்து ஒருபோதும் காணாத பெரிய மகெல்லன் முகில் இருக்கும். மே மாதத்தில் ஒமேகா சென்ரோரி. ஜூலை, ஆகஸ்டில் நமக்கு மழையில்லை, பால்வீதியின் நடுப்பகுதி தலைக்குப் பக்கத்தில்.

பலகை 30 சென்ரிமீற்றர் நீளமாக, வளையாத மரமாக இருக்கட்டும். பிணைச்சலைக் கடையில் வாங்கும்போது விரித்து ஆட்டிப் பாருங்கள். ஊசியில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். இரண்டு அங்குலத்தில் ஒன்று வாங்குவதைவிட நான்கு அங்குலத்தில் வாங்குவது நல்லது.